துறைமுகத்துச் சேறு

என் கணவரை நான் முதலில் கண்டது சேறு கேட்டுப் போன இடத்தில். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் இருந்த காலத்தில் நாங்கள் இருவரும் மாறி மாறி இந்தக் கதையைச் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறோம். தனியாகச் சொல்வது இதுதான் முதல் தடவை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி. வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். அம்மா கதையை நிறுத்திவிட்டு, ரயில் போன பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடருவார். என் பேராசிரியை எனக்குக் கொடுத்த வேலை, கடலடிச் சேற்றில் வாழும் பற்றீரியாக்களிடமிருந்து புதிய மருந்தொன்று கிடைக்குமா என்று தேடுவது.

அவர் அதை எனக்கு விளக்கிய விதம் எளிமையானது. ஆஸ்பத்திரியில் கிருமிக்கென்று கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவிடமிருந்து வந்தவை. தனக்குப் பக்கத்தில் வேறெதுவும் வளரக் கூடாதென்று அது சுரப்பதைத்தான் நாம் மருந்தாக விழுங்குகிறோம். உலகம் முழுக்க மண்ணைக் கிளறிப் பார்த்தாயிற்று. இப்போது அகப்படுவதெல்லாம் முன்பே அகப்பட்டவை. நோய்க் கிருமிகளோ அந்த மருந்துகளுக்குப் பழகிவிட்டன. ஆனால் கடலுக்கு அடியில் இருக்கும் சேற்றை யாரும் அவ்வளவாகத் தொடவில்லை. உப்பிலும் இருட்டிலும் பிழைக்கிற உயிர் வேறு எதையாவது செய்யக் கற்றிருக்கலாம்.

கற்றிருக்கலாம். எங்கள் ஆய்வின் அத்திவாரமே அந்த ஒரு சொல்தான்.

முதலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் சேறு அள்ளினேன். பிழை. ஊர்க் கழிவெல்லாம் வந்து சேரும் இடம் அது. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டுகளில் பூசி வைத்தால், நான் தேடிய பற்றீரியா கண் விழிக்கும் முன்பே கழிவுக் கிருமிகள் தட்டை மூடிவிடும். நான் தேடியதோ மிகவும் மெதுவாக வளர்வது. கடல் நீர் கலந்து செய்த, ஏகார் என்ற கடற்பாசிக் களியில் வாரக்கணக்காக அதைக் காத்திருக்க வேண்டும். பேராசிரியை தட்டுகளைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "ஆழமான இடத்துச் சேறு வேணும். துறைமுகத்தில கேட்டுப் பார்" என்றார்.

துறைமுகத்தில் கடலடியைத் தோண்டி ஆழமாக்கும் கப்பலொன்று இருந்தது. அதில் வேலை செய்தவர்தான் அவர். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். அவருடைய அப்பாவும் துறைமுகத்தில்தான் வேலை செய்து இறந்தவர். அனுமதி வாங்கிக்கொண்டு நான் போய் நின்றபோது, கையிலிருந்த எண்ணெயைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மிஸ், சேறா?"

"ஓம். அடியில இருக்கிறது. மேல் தண்ணி படாமல்."

"இங்க வாற ஆக்கள் எல்லாம் மீன் வாங்கித் தாங்கன்னு கேப்பாங்க. சேறு கேட்டு வந்த ஆள் நீங்கதான்."

நான் கொண்டுபோன போத்தல்களைக் காட்டி, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, போத்தலை வாய்க்கு நேரே திறக்கக் கூடாது, எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிவில், "பிள்ளை பெத்த வீட்டுல கூட இவ்வளவு சுத்தம் பாக்க மாட்டாங்க மிஸ்" என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டார். கல்யாணம் முடிந்த பிறகும் அதேதான். என் அம்மாவுக்கு அது பிடிக்காது. புருசன் பெண்டாட்டியை இப்படிக் கூப்பிட்டால் சனம் என்ன நினைக்கும் என்பார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கொழும்பில் மூலைக்கு மூலை சோதனைச் சாவடி. ஒருநாள் அவர் சேற்றுப் போத்தல்களோடு மோட்டார் சைக்கிளில் வந்தபோது புறக்கோட்டைப் பக்கம் மறித்துவிட்டார்கள். தமிழன், கையில் மூடி போட்ட போத்தல்கள், உள்ளே கறுப்பாக ஏதோ. வேறென்ன வேண்டும்? "மேக்க மொகத?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்ட சிப்பாயிடம், "மட" என்றிருக்கிறார். சேறு. எதற்கு என்று கேட்க, "பெஹெத் ஹதன்ன" என்றிருக்கிறார். மருந்து செய்ய. அதை நம்பாமல் வெயிலில் இருத்திவிட்டார்கள். பேராசிரியை தொலைபேசியில் பேசி, யார் யாரிடமோ சொல்லி, பின்னேரம்தான் விட்டார்கள்.

நான் பல்கலைக்கழக வாசலில் காத்து நின்றேன். அவர் வந்து இறங்கியபோது முகம் வெயிலில் கன்றிப்போயிருந்தது. அவர் போத்தல்களை நீட்டினார்.

"மிஸ், ஐஸ் எல்லாம் கரைஞ்சு மண் சுட்டுப் போச்சு. இனி வேலைக்கு ஆகாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தன்னைப் பிடித்து வைத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. சேறு கெட்டுவிட்டதே என்ற கவலை.

"பரவாயில்லை. நாங்களும் சேத்தைச் சூடாக்கித்தான் பாக்கிறது. தேவையில்லாததுகள் செத்துப் போகும். எங்களுக்கு வேண்டியது சூட்டைத் தாங்கும்."

"அப்ப ஆமிக்காரன் உங்களுக்கு உதவிதான் செஞ்சிருக்கான்" என்றார். அந்த நேரத்தில்தான் நான் முடிவெடுத்தேன் என்று நினைக்கிறேன். அவருக்கு அது தெரியவே பல மாதங்கள் ஆயின.

வீட்டில் எளிதாக முடியவில்லை. சமயம் வேறு, படிப்பு வேறு. அப்பா நெடுநாள் என்னோடு கதைக்கவில்லை. என் கணவரின் அம்மாதான் வெள்ளவத்தைக்குத் தனியாக பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். என் அம்மா கதவைத் திறந்தபோது, "என் மகன் கெட்டவன் இல்ல. வேலைக்குப் போவான், குடிக்க மாட்டான், உங்க பிள்ளைக்காகச் சேறு சுமக்கிறான். வேற என்ன கேக்கிறீங்க?" என்றிருக்கிறார். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தார். அப்பாவும் கடைசியில் வந்து ஒரு கதிரையில் உட்கார்ந்தாராம். மாமியை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது.

கல்யாணம் முடிந்து கொட்டாஞ்சேனையில் மாமியோடு இருந்தோம். மாதா கோயில் மணிச் சத்தமும் துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல் சத்தமும் மாறி மாறிக் கேட்கும் வீடு. காலையில் அவர் துறைமுகத்துக்கு, நான் ஆய்வுகூடத்துக்கு. யுத்தம் முடிந்தது. நான் பட்டம் முடித்து அதே ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் சேறு கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

எங்கள் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பெரும்பகுதி எதுவும் நடக்காமல் இருப்பதுதான். ஒரு தட்டு நிறைய நோய்க் கிருமியைப் பூசி, நடுவில் நம்முடைய பற்றீரியாவின் சாற்றை விடுவோம். மறுநாள் பார்த்தால் கிருமி பால் ஆடை படர்ந்ததுபோல் தட்டு முழுக்க வளர்ந்திருக்கும். சாறு வேலை செய்திருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் தெளிவாக, எதுவும் வளராமல் இருக்கும். அந்த வட்டத்தைத்தான் நாங்கள் காலையில் வந்து தேடுவது. மாதக் கணக்காக, வருசக் கணக்காகத் தேடுவது.

அவர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்: "இண்டைக்கு எவனாவது செத்தானா மிஸ்?"

"இல்லை."

"நாளைக்குச் சாவான்."

மாமி சமையலறைக்குள் இருந்து, "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது!" என்று சத்தம் போடுவார்.

ஒரு காலை ஆய்வுகூடக் கதவைத் திறந்து தட்டுகளை எடுத்தேன். துறைமுக வாய்க்கு வெளியிலிருந்து அவர் கொண்டுவந்த சேற்றில் வளர்ந்த ஒன்று. தோல்போல் தடித்து, தூளாக வெளுத்து, அடியில் செம்மஞ்சள் நிறம் கசிந்திருந்தது. அதன் சாற்றைச் சுற்றி ஒரு வட்டம். பெரிய வட்டம். கண்ணாடியில் மூச்சு விட்டுத் துடைத்ததுபோல் தெளிவாக இருந்தது. அது கொன்றிருந்தது சாதாரணக் கிருமியை அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த, வழமையான மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத கிருமி. பேராசிரியை வந்து தட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடி செய்தேன். மறுபடியும் வட்டம்.

அன்று அவரை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிவந்தேன். முதல் தடவையாக உள்ளே வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலுக்குள் நடப்பதுபோல் நடந்தார். தட்டைக் காட்டினேன்.

"இந்த ஓட்டையா?"

"ஓட்டை இல்லை. அங்க கிருமி செத்துப் போச்சு."

"நான் அள்ளின மண்ணா?"

"ஓம்."

வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்பா இருந்திருக்கணும்" என்றார்.

மாமி ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். என் மகன் அள்ளிய மண்ணில் மருந்து வந்திருக்கிறது என்று. பேக்கரிக்காரருக்கு, கோயிலில் பக்கத்து வாங்கில் இருந்தவர்களுக்கு, மூலைக்கடை முஸ்லிம் நானாவுக்கு. நானா என்னைக் கண்டால், "தங்கச்சி, மருந்து எப்ப கடைக்கு வரும்?" என்று கேட்பார். நான் சிரித்து, இன்னும் வெகுதூரம் இருக்கிறது நானா என்பேன். அது உண்மை. சாற்றில் இருக்கும் நூறு பொருட்களுக்குள் எது கொல்கிறது என்று பிரிக்க வேண்டும், அது என்ன என்று அறிய வேண்டும், மனிதருக்குத் தீங்கு செய்யுமா என்று பார்க்க வேண்டும். பிரித்தெடுக்கவே நெடுங்காலம் பிடித்தது. கடைசியில் ஒரு சிட்டிகை செம்மஞ்சள் தூள் மிஞ்சியது. அது என்னவென்று சொல்லும் இயந்திரம் எங்களிடம் இல்லை. பேராசிரியை அதை வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினார். பதிலுக்குக் காத்திருந்தோம்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அது நடந்தது.

மழை நாள். பம்பலப்பிட்டியில், காலி வீதியில், முன்னால் போன முச்சக்கர வண்டி சடாரென்று திரும்பியிருக்கிறது. இவர் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளே உலோகத் தகடு வைத்துத் தைத்தார்கள். நல்ல முறையில்தான் செய்தார்கள். எனக்கு யாரிலும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. குறை சொல்ல ஒருவர் கிடைத்திருந்தால் ஒருவேளை இலகுவாக இருந்திருக்கும்.

முதல் நாட்களில் கட்டிலில் சாய்ந்துகொண்டு தாதிமாரோடு சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது. காயம் சிவந்தது, கசிந்தது. மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. இரத்தத்தை எடுத்துக் கிருமி பார்க்கக் கொடுத்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் கிருமி பார்க்கும் வைத்தியர் எங்களுக்குத் தெரிந்தவர். எங்கள் சோதனைகளுக்குக் கிருமிகள் தருபவரே அவர்தான். அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் உட்காரும்வரை காத்திருந்து, மெதுவாக, ஆங்கிலத்தில் சொன்னார். நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எந்த வகைக் கிருமி என்று தெரிந்துவிட்டது. பல வருசங்களாகத் தட்டில் நான் வளர்த்துக் கொல்லப் பார்த்த அதே குடும்பம். "இன்னும் ஒரு மருந்து இருக்கிறது, அதைத் தொடங்கிவிட்டோம்" என்றார். அந்த மருந்து என் கணவரின் சிறுநீரகத்தோடு ஒத்துப்போகாதோ என்ற பயத்தையும் மறைக்கவில்லை.

அவருடைய இரத்தத்திலிருந்து வந்த கிருமி, வழமைபோல், எங்கள் ஆய்வுகூடத்துக்கும் வந்தது. பேராசிரியை என்னிடம், "நீ இதைத் தொட வேண்டாம், வேறு யாராவது செய்யட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. நானே பூசினேன். நடுவில் எங்கள் செம்மஞ்சள் சாற்றை விட்டேன்.

மறுநாள் காலை தட்டை எடுத்துப் பார்த்தேன். தெளிவான, பெரிய வட்டம்.

அவரைக் கொன்றுகொண்டிருந்ததை அவர் அள்ளிய சேறு கொன்றிருந்தது. என் கையில், ஒரு கண்ணாடித் தட்டில். அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போக வழியே இல்லை. தட்டில் கிருமி மட்டும்தான் இருக்கிறது. அவருக்குள்ளே இருதயம் இருக்கிறது, ஈரல் இருக்கிறது, இரத்தம் இருக்கிறது. அந்தச் சாறு அவற்றை என்ன செய்யும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றே அன்று நினைத்திருந்தேன்.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றபோது அவர் கண் திறந்து, காய்ந்த உதட்டோடு, வழமையான கேள்வியைக் கேட்டார்.

"எவனாவது செத்தானா மிஸ்?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "ஓம்" என்றேன். "உங்களுக்குள்ள இருக்கிறவன்தான். தட்டில வைச்சுப் பார்த்தன். செத்துப் போனான்."

அவர் சிரித்தார். "பின்ன என்ன. ரெண்டு சொட்டு கொண்டு வாங்க. நம்ம மண் தானே."

கட்டிலின் மறுபக்கம் மாமி நின்றார். கையில் கஞ்சி கொண்டுவந்த கரியர். அவர் அதைக் கேட்டுவிட்டார். என்னை வெளியே, மாடிப்படிப் பக்கம் கூட்டிப் போனார்.

"மகள், அது வேல செய்யுது தானே?"

"தட்டில வேலை செய்யுது மாமி."

"அப்ப ஏன் குடுக்க ஏலாது?"

"அது மருந்து இல்லை மாமி. இன்னும் மருந்தாகேல்லை. அதுக்குள்ள என்ன இருக்கெண்டே எங்களுக்குத் தெரியாது. உடம்புக்குள்ள போனால் என்ன செய்யுமெண்டு தெரியாது."

"குடுக்காட்டி என்ன செய்யும்னு தெரியும் தானே?"

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சினார். என்னைத் தன் மகளாக நினைத்துக் கேட்பதாகச் சொன்னார். டொக்டரிடம் சொல்ல வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன், கஞ்சியில் கலந்து கொடுக்கிறேன் என்றார். நான் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே அழுதேன். படியால் ஏறி இறங்கியவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

சிறுநீரகம் முதலில் கைவிட்டது. பிறகு மூச்சு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே என்னை உள்ளே விட்டபோது அவருக்கு நினைவில்லை. வாயில் குழாய். பேசாமல் அவர் கிடந்ததை நான் அதற்கு முன் கண்டதே இல்லை. தூக்கத்தில்கூட எதையாவது முணுமுணுக்கிறவர். கையைத் தொட்டேன். கொதித்தது. கப்பல் எண்ணெய்க் கறை நகக்கண்ணில் இன்னும் இருந்தது. மாமியும் நானும் வெளியே வாங்கில் இருந்தபோது வைத்தியர் கதவைத் திறந்து வந்தார். அவர் வாய் திறக்கும் முன்பே மாமி எழுந்து, "வேணாம், சொல்ல வேணாம்" என்று கையால் தடுத்தார்.

மாதம்பிட்டியில் அவருடைய அப்பாவின் பக்கத்தில் அடக்கம் செய்தோம். துறைமுகத்துக் கூட்டாளிகள் பெட்டியைச் சுமந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து பதில் வந்தது அதற்குப் பிறகு. பேராசிரியை என்னை உட்கார வைத்துச் சொன்னார். எங்கள் செம்மஞ்சள் தூள் புதியதே அல்ல. நெடுங்காலத்துக்கு முன்பே வேறெங்கோ மண்ணில் கண்டுபிடித்துப் பெயர் வைத்த பொருள். கிருமியைக் கொல்லும், அதோடு மனிதக் கலங்களையும் கொல்லும். அதனால் கிருமிக்கு மருந்தாக அதை யாரும் கொடுப்பதில்லை. ஒருசில புற்றுநோய்களுக்கு மட்டும், மிகக் கவனமாக, மிகச் சிறிதளவில் கொடுக்கிறார்கள். எங்கள் துறையில் இது புதினமான விசயமல்ல. கடலைத் தேடிப் போய்ப் பழைய மண்ணையே அள்ளி வருவது பலருக்கும் நடந்திருக்கிறது. எங்களுக்கும் நடந்தது.

அதாவது, அன்று மாடிப்படியில் நான் மாமிக்கு விட்டுக்கொடுத்திருந்தால், அவரை நாங்களே கொன்றிருப்போம்.

இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அது வரைக்கும் என்னிடம் ஒன்று இருந்தது. அவர் இல்லாவிட்டாலும் அவர் அள்ளியது ஒருநாள் யாரையோ பிழைக்க வைக்கும் என்ற எண்ணம். காலையில் எழுந்து பல் துலக்குவதற்குக்கூட அந்த எண்ணம் வேண்டியிருந்தது. அதுவும் போனது. அவருக்கு இரண்டாம் முறை சாவு நடந்ததுபோல் இருந்தது. இந்தத் தடவை பெட்டி இல்லை, பூ இல்லை, வந்து கை பிடிப்பவர்கள் இல்லை.

மாமியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மருந்து எப்போது வருமென்று ஒழுங்கை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோயிலால் வந்து அவர் சேலை மாற்றும் முன்பே சொன்னேன்.

"அப்ப என் மகன் சுமந்தது விஷமா?"

"அப்படி இல்லை மாமி. புற்றுநோய்ப் பிள்ளையளுக்கு அதைத்தான் குடுக்கிறவை..."

"அது ஏற்கனவே கடையில இருக்கிற மருந்தா?"

"ஓம்."

"அதையா ரெண்டு பேரும் இவ்வளவு காலமும் தேடினீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ள விரும்பிக் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் ஒருவரோடு ஒருவர் சாப்பிடுவது, கதவு பூட்டுவது தவிர வேறு எதையும் கதைக்கவில்லை. மூலைக்கடை நானாவுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கண்டால் தலையைக் குனிந்து சாமான் கட்டினார். சில மாதங்களில் நான் வெள்ளவத்தைக்கு, அம்மா வீட்டுக்குத் திரும்பினேன். மாமி தடுக்கவில்லை. வாசல்வரை வந்து, முச்சக்கர வண்டிக்குள் என் பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆய்வுகூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். புதிய சேறு வரவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. பழைய தட்டுகளைக் கழுவினேன், மாணவர்களின் வேலைகளைத் திருத்தினேன்.

ஒரு காலை, பல்கலைக்கழக வாசலில் யாரோ என்னைத் தேடுவதாகக் காவலாளி அழைத்தார். போனால் மாமி நிற்கிறார். கோயிலுக்கு உடுக்கும் சேலை. கையில் குடை. பஸ் மாறி மாறி வந்திருக்கிறார்.

"மகள்," என்றார், "நான் அதப் பாக்கணும்."

"எதை மாமி?"

"அவன கொண்டுபோனத."

பேராசிரியையிடம் கேட்டேன். அவர் தன்னுடைய வெள்ளை மேலங்கியைக் கழற்றி மாமிக்குக் கொடுத்தார். மாமிக்கு அது கணுக்கால்வரை வந்தது. என் கணவரின் இரத்தத்திலிருந்து வந்த கிருமியில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் காயவைத்துச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழே வைத்தேன். மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். அவர் கண்ணுக்கு ஏற்றபடி திருகினேன். அப்படியே நின்றுவிட்டார்.

"ஊதா நிறம்."

"அது நான் போட்ட சாயம் மாமி. உண்மையில நிறமில்லை."

"திராட்சக் குலை மாதிரி இருக்கே."

"ஓம்."

"கண் எங்க?"

"கண் இல்லை மாமி. வாயும் இல்லை. அதுக்கு ஒண்டுமில்லை."

அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். "அப்ப இதுக்கு அவன் யாருன்னே தெரியாது" என்றார்.

"தெரியாது மாமி."

"நான் ஏச வந்தனான் மகள். பஸ்ஸுல வரக்குள்ள எல்லாம் என்ன ஏசுறதுன்னு யோசிச்சிட்டு வந்தன். இத எப்படி ஏசுறது? இதுக்கு ஒண்ணும் தெரியாதே."

நிமிர்ந்தார். மேலங்கியின் கையால் முகத்தைத் துடைத்தார். நான் அவர் தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

மேசையில் அந்தக் கிருமி வளர்ந்த தட்டு மூடி ஒட்டப்பட்டு இருந்தது. அதைக் காட்டி, "இது உயிரோட இருக்கா?" என்று கேட்டார்.

"ஓம்."

"இத என்ன செய்வ?"

"அவிச்சுக் கொல்லுறது. நீராவியில."

"அவி. நான் இருக்கன்."

"இன்னொரு குழாய் குளிர்பெட்டிக்குள்ள இருக்கு மாமி," என்றேன். அவரிடம் மறைக்க விரும்பவில்லை. "அதை வைச்சிருக்க வேணும். நாளைக்கு ஆராவது புது மருந்து கண்டுபிடிச்சால், இதைக் கொல்லுதோ எண்டு பாக்க."

மாமி ஜன்னலைப் பார்த்தார்.

"அது இருக்கட்டும்," என்றார். "இத மட்டும் இப்ப அவி."

தட்டைப் பையில் இட்டு, பெரிய பிரஷர் குக்கர்போல் இருக்கும் அந்தப் பாத்திரத்துக்குள் வைத்து மூடியை முறுக்கினேன். பக்கத்தில் இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டேன். மாமி மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்தார். நீராவி சீறத் தொடங்கியதும் அவர் கை என் கையைத் தேடி வந்தது. நீராவியின் அமுக்கத்தைக் காட்டும் ஊசி ஏறுவதைப் பார்த்தோம். ஏறி நின்றது. நெடுநேரம் நின்றது.

"முடிஞ்சா?"

"இன்னும் கொஞ்சம் மாமி."

ஊசி இறங்கிச் சுழியத்துக்கு வரும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம்.